ஒரு துளி கொழுப்பு

ஒரு சொம்புத் தண்ணீர். அவ்வளவுதான் கேட்டார் அந்தக் கலாசி.

1857, ஜனவரி மாதம். கல்கத்தாவுக்கு வெளியே, டம்டம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆயுதக் கிடங்கு, தோட்டா தயாரிக்கும் கூடம், துப்பாக்கிப் பயிற்சி முகாம் எல்லாம் ஒரே வளாகத்தில். கலாசி அங்கே வேலை பார்க்கும் கூலியாள். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர். எதிரே சொம்போடு வந்த சிப்பாயோ உயர்சாதிக்காரர். தண்ணீர் தர மறுத்துவிட்டார். உன் சாதி என்னவென்று தெரியாது, உன் வாய் பட்டால் சொம்பு தீட்டாகிவிடும் என்றார்.

கலாசிக்குச் சுருக்கென்றது. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தச் சாதிப் பெருமை? பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவை வெள்ளைக்காரன் உங்கள் வாயில் கடிக்க வைக்கப் போகிறான், அப்போது எங்கே போகும் உன் சாதி என்கிற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிப்பாய் உறைந்துபோய் நின்றார்.

ஜனவரி 22-ம் தேதி, முகாமில் இருந்த லெப்டினன்ட் ரைட் என்ற அதிகாரி இந்தச் சம்பவத்தை எழுத்துமூலமாக மேலிடத்துக்குத் தெரிவித்தார். அவர் நேரில் பார்க்கவில்லை. முகாமில் பேசிக்கொண்டதைக் கேட்டு எழுதினார். நடந்தது அப்படியேவா, கொஞ்சம் கூட்டிக் குறைத்தா என்பதை இனி யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால், அந்தப் பேச்சு டம்டம்மோடு நிற்கவில்லை. பாரக்பூர், பெர்ஹாம்பூர், அம்பாலா, மீரட் என்று கன்டோன்மென்ட் கன்டோன்மென்ட்டாகப் பாய்ந்தது. நான்கே மாதத்தில் டெல்லி பற்றி எரிந்தது.

'கொழுப்பு தடவிய தோட்டா.' பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோருமே படித்ததுதான். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. ஆனால், அந்த வயதில் நம் வகுப்பில் யாருமே எழுந்து கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது.

ஆமாம், துப்பாக்கிக் குண்டுக்கு எதற்கு சார் கொழுப்பு?

*

வடை சுடவா போகிறார்கள்? எதற்குக் கொழுப்பு? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் 1857 புரியும். அதற்கு ஈயத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஈயம் சாதுவான உலோகம். 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சாதாரண விறகு அடுப்பே போதும். அதனால்தான் பல நூற்றாண்டுகளாகச் சிப்பாய்களும் வேட்டைக்காரர்களும் தங்கள் குண்டுகளைத் தாங்களே வார்த்துக்கொண்டார்கள். இடுக்கி மாதிரி ஓர் அச்சு, ஒரு கரண்டி, கொஞ்சம் ஈயம். வேலை முடிந்தது.

ஆனால், ஈயத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ரொம்ப மிருது. இரும்புக் குழலுக்குள் அசுர வேகத்தில் உரசிக்கொண்டு ஓடும்போது, போகிற வழியெல்லாம் தன்னைத் தேய்த்துவிட்டுப் போகும். குழலின் உள்சுவரில் ஈயம் படலம் படலமாக அப்பிக்கொள்ளும். இது ஒரு தொல்லை.

இன்னொரு தொல்லை, கருப்பு வெடிமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்தது. வெடித்தால் முழுக்கப் புகையாகப் போய்விடாது. எடையில் பாதிக்கும் மேல் திடக் கழிவாக மிஞ்சும். தீபாவளி மறுநாள் தெருவில் பார்ப்போமே, அந்த மாதிரி கரி. பத்து, இருபது முறை சுட்டால் குழலுக்குள் மொரமொரவென்று ஒரு பொருக்கு கட்டிவிடும். அடுத்த குண்டு உள்ளே இறங்காது. எதிரி முன்னால் ஓடி வருகிறான். இங்கே குச்சியை வைத்துக் குத்து குத்தென்று குத்திக்கொண்டிருக்க வேண்டும்!

பழைய 'பிரவுன் பெஸ்' மஸ்கட் காலத்தில் இது பெரிய பிரச்னையாக இல்லை. அதன் குழல் உள்ளே வழவழப்பானது. குண்டும் குழலைவிடக் கணிசமாகச் சிறியது. லொடலொடவென்று உள்ளே விழும். வெளியே போகும்போதும் லொடலொடவென்றுதான் போகும். நூறு கஜத்துக்கு மேல் குறி வைத்தால், குண்டு எங்கே போகும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

குறி தப்பாமல் இருக்க ஒரு வழி ஐரோப்பியர்களுக்கு ஏற்கெனவே தெரியும். குழலின் உட்புறத்தில் திருகு மாதிரி சுழன்று செல்லும் பள்ளங்கள் வெட்ட வேண்டும். குண்டு அதில் பற்றிக்கொண்டு, பம்பரம் போலச் சுழன்றபடி வெளியேறும். சுழலும் குண்டு நேராகப் போகும். இதுதான் ரைஃபிள்.

ஆனால், பள்ளத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றால் குண்டு குழலுக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமான குண்டை வாய் வழியாக உள்ளே தள்ளுவது எப்படி? எண்ணெய்த் துணியில் சுற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி... ஒரு முறை சுடுவதற்குள் மஸ்கட்காரன் மூன்று முறை சுட்டுவிடுவான்.

உள்ளே போகும்போது தளர்வாகவும், வெளியே வரும்போது இறுக்கமாகவும் ஒரு குண்டு வேண்டும். முடிகிற காரியமா?

முடித்துக் காட்டினார் கிளாட் எத்தியேன் மினியே. பிரெஞ்சு ராணுவ கேப்டன். வேறு சிலர் ஏற்கெனவே முயன்று பார்த்திருந்த யோசனையை 1849-ல் அவர் உருப்படியாக்கினார். உருண்டைக்குப் பதிலாகக் கூம்பு வடிவக் குண்டு. அடியில் ஒரு குழிவு. வெடிமருந்து வெடித்ததும் அழுத்தம் அந்தக் குழிவை உள்ளிருந்து விரிக்கும். மிருதுவான ஈயம் அகன்று பள்ளங்களுக்குள் பிதுங்கி உட்கார்ந்துகொள்ளும். ஈயத்தின் கெட்ட குணமே இங்கே நல்ல குணமாகிவிட்டது!

இந்தத் தத்துவத்தில் பிரிட்டன் செய்ததுதான் 1853 மாடல் என்ஃபீல்டு ரைஃபிள். குழலின் விட்டம் 0.577 அங்குலம். குண்டின் விட்டம் 0.568 அங்குலம். வித்தியாசம் ஒரு மயிரிழை. அந்த மயிரிழை இடைவெளியில்தான் நம் கதையின் வில்லன் குடியேறுகிறான்.

இடைவெளி அவ்வளவு குறைவாக இருந்தால் கரிப் பொருக்கு கட்டியதும் குண்டு சிக்கிக்கொள்ளும். ஆகவே, ஒவ்வொரு குண்டும் உள்ளே போகும்போதே குழலுக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போக வேண்டும். பொருக்கு இளகும். ஈயம் ஒட்டாது. அடுத்த குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். அதற்கு என்ன தடவலாம்? வெறும் எண்ணெய் தடவினால் காகிதத்தில் ஊறி வெடிமருந்தைக் கெடுத்துவிடும். வெறும் மெழுகு என்றால் குளிரில் இறுகி உதிரும். இரண்டுக்கும் நடுவே, கெட்டியாகவும் இருக்க வேண்டும், தேய்த்தால் வழுக்கவும் வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்குக் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு பொருள் இருந்தது. மலிவானது. மெழுகுவத்தி, சோப்பு எல்லாம் அதில்தான் செய்தார்கள். 'டாலோ' என்பார்கள். உருக்கி எடுத்த மிருகக் கொழுப்பு. அதோடு கொஞ்சம் தேன்மெழுகு.

எந்த மிருகத்தின் கொழுப்பு? இங்கிலாந்தில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

*

இந்தத் தோட்டாவை நாம் இன்று சினிமாவில் பார்க்கிற பித்தளைத் தோட்டாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஒரு காகிதச் சுருள். மத்தாப்பு மாதிரி. ஒரு முனையில் வெடிமருந்து, மறுமுனையில் குண்டு. குண்டு இருக்கும் முனையை மட்டும் உருகிய கொழுப்பில் முக்கி எடுப்பார்கள்.

சிப்பாய் என்ன செய்ய வேண்டும்? வெடிமருந்து இருக்கும் முனையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். சுருளைத் திருப்பி, கொழுப்பு தடவிய முனையைக் குழலின் வாயில் செருக வேண்டும். மிச்சக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கம்பியால் குத்தி இறக்க வேண்டும். ஏன் பல்லால்? ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் தோட்டா. மூன்றாவது கை பல்தான்.

கவனியுங்கள். கடிப்பது ஒரு முனை. கொழுப்பு இருப்பது மறுமுனை. அப்படியானால் பிரச்னையே இல்லையே என்று தோன்றும். லண்டனில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தால் அப்படித்தான் தோன்றும். வட இந்திய வெயிலில் ஒரு கட்டுத் தோட்டாக்களைப் பைக்குள் வைத்துப் பாருங்கள். கொழுப்பு உருகி எங்கே நிற்கும்? விரலில் படும். அந்த விரல் உதட்டில் படும். ஓர் ஆசாரமான பிராமணருக்கோ, ராஜபுத்திரருக்கோ, முஸ்லிமுக்கோ, தொட்டதே போதும். கடிப்பது வரை போக வேண்டியதில்லை.

இதை யாருமே யோசிக்கவில்லையா?

யோசித்தார்கள். அதுதான் சோகம்.

1853-லேயே, கொழுப்பு தடவிய தோட்டாக்கள் இந்தியாவுக்கு அனுப்பிவைக்கப்பட்டன. போருக்கு அல்ல. இந்திய வெயிலை அந்தப் பூச்சு தாங்குமா என்று பார்க்க. அப்போது வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரலாக இருந்தவர் கர்னல் டக்கர். அந்த வருடம் டிசம்பரில் அவர் ராணுவ வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பூச்சு சிப்பாய்களின் சாதி உணர்வைப் புண்படுத்தாத பொருள் என்று உறுதியாகத் தெரியும்வரை, இந்தியப் படைப்பிரிவுகளிடம் இதைக் கொடுக்காதீர்கள், ஐரோப்பியர்களிடம் மட்டும் கொடுத்துச் சோதியுங்கள் என்பது அதன் சாரம்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. கோப்பில் ஏறியது. அதோடு சரி.

வெயில் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். மனிதர்கள் தாங்குவார்களா என்று சோதிக்கவில்லை.

இத்தனைக்கும் கம்பெனிக்கு இது முதல் பாடம் இல்லை. 47 வருடங்களுக்கு முன்னால் நம்ம வேலூரில் வாங்கிய அடி இருக்கிறது. 1806-ல் மதராஸ் படையின் தளபதி சர் ஜான் கிராடக், சிப்பாய்களுக்குப் புது மாதிரித் தலைப்பாகையைக் கொண்டுவந்தார். அதில் தோல் குஞ்சம். கூடவே, அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, தாடியைத் திருத்து என்று உத்தரவுகள். ஜூலை 10-ம் தேதி விடிவதற்குள் வேலூர்க் கோட்டை ரத்தக்களரியானது. கலகத்தை அடக்கிய பிறகு கிராடக்கையும், கவர்னர் வில்லியம் பெண்டிங்க்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. மாட்டுத் தோலா, பன்றித் தோலா என்ற சந்தேகம் என்ன செய்யும் என்று கம்பெனிக்கு அன்றே தெரியும். தெரிந்தும் மறந்தார்கள்.

*

டம்டம் செய்தி காதுக்கு வந்ததும் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். பாரக்பூரில் இருந்த ஜெனரல் ஹியர்சிக்குச் சிப்பாய்களின் மொழி சரளமாகத் தெரியும். ஆபத்து அவருக்குப் புரிந்தது. பூச்சு வேலையைச் சிப்பாய்களிடமே விட்டுவிடலாம், கடைத்தெருவில் தாங்களே பொருள் வாங்கித் தடவிக்கொள்ளட்டும் என்ற யோசனையை மேலே அனுப்பினார். ஜனவரி முடிவதற்குள் அனுமதியும் வந்தது. கொழுப்பு தடவாத தோட்டாக்களே முகாம்களுக்குத் தரப்படும். நெய்யோ, எண்ணெயோ, மெழுகோ, இஷ்டப்பட்டதைத் தடவிக்கொள்ளலாம்.

அதே வேளையில் ஆயுதத் துறைத் தலைவர் கர்னல் அபட்டிடம் விசாரித்தார்கள். இதுவரை கொழுப்பு எங்கிருந்து வந்தது? ஒப்பந்தக்காரர் சப்ளை செய்தார். என்ன கொழுப்பு? ஒப்பந்தத்தில் மிருகத்தின் பெயர் இல்லை. ஆட்சேபத்துக்குரிய கொழுப்பு கலக்காமல் பார்த்துக்கொள்ளத் தனி ஏற்பாடு ஏதும் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அதாவது, கலாசி சொன்னதை முழுப் பொய் என்று சொல்ல அரசாங்கத்தின் கையில் எந்த ஆதாரமும் இல்லை!

இதில் ஒரு கொடுமை. இதற்கு முன்னால் சில சிப்பாய்ப் பிரிவுகள் பிரன்ஸ்விக் ரைஃபிள் பயன்படுத்தியிருக்கின்றன. அதன் குண்டைச் சுற்றும் துணிக்குத் தடவியது எண்ணெயும் மெழுகும்தான். யாரும் புகார் சொல்லவில்லை. வழி கையிலேயே இருந்தது. இங்கிலாந்தில் எழுதிய சமையல் குறிப்பை இந்தியாவில் அப்படியே காப்பி அடித்தார்கள். அவ்வளவுதான்.

இப்போது திருத்திவிட்டார்களே, பிரச்னை தீர்ந்ததா? இல்லை. சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. புதுக் காகிதம் பளபளப்பாக இருந்தது. எரித்தால் ஒரு மாதிரி பொரிகிறதே, இதிலேயே கொழுப்பு இருக்கிறது என்றார்கள். விசாரணை வைத்தார்கள். காகிதத்தைப் பரிசோதித்து, கொழுப்பு இல்லை என்றார்கள். யார் நம்புவது? சரி, பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழியுங்கள் என்று மார்ச் மாதத்தில் டிரில்லையே மாற்றினார்கள். உடனே கேள்வி வந்தது. தப்பே இல்லையென்றால் ஏன் மாற்றுகிறார்கள்?

நம்பிக்கை போன இடத்தில் விளக்கம் என்பது இன்னொரு சாட்சியம். அரசாங்கத்துக்கு எதிரான சாட்சியம்.

இந்த அவநம்பிக்கை தோட்டாவில் பிறந்ததும் அல்ல. வங்காளப் படையின் சிப்பாய்களில் பெரும்பகுதி அயோத்தி ராஜ்யமான அவத் பகுதியைச் சேர்ந்தவர்கள். 1856 பிப்ரவரியில் கம்பெனி அந்த ராஜ்யத்தையே விழுங்கிவிட்டது. அதே வருடம், புதிதாகச் சேரும் சிப்பாய்கள் கடல் தாண்டியும் போக வேண்டும் என்று சட்டம் வந்தது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பிய காலம். சம்பளம் மாதம் ஏழு ரூபாய். எவ்வளவு காலம் உழைத்தாலும் நேற்று வந்த வெள்ளை இளைஞனுக்குக் கீழேதான். மாவில் எலும்புத்தூள் கலக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. ஊர் ஊராக மர்மமாகக் கைமாறிய சப்பாத்திகள் ஒரு பக்கம். விறகு அடுக்கியாகிவிட்டது. நெருப்புக்குத்தான் காத்திருந்தது.

*

மார்ச் மாதம் அம்பாலா பயிற்சி முகாமில் நடந்த ஒரு சம்பவம், பாடப் புத்தகங்களில் இல்லாதது. போர்க்களத்தைவிட என்னை உலுக்கியது இதுதான்.

என்ஃபீல்டு பயிற்சிக்காகப் பல படைப்பிரிவுகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் பேரை அங்கே அனுப்பியிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் 36-வது காலாட்படைப் பிரிவின் நான்-கமிஷண்டு அதிகாரிகள். அவர்களுடைய சொந்தப் பிரிவு, தலைமைத் தளபதி ஜெனரல் ஆன்சனுக்குப் பாதுகாப்பாக அம்பாலா வந்து கூடாரமடித்தது. நம்ம ஆட்கள் வந்திருக்கிறார்களே என்று இருவரும் ஆசையாகப் பார்க்கப் போனார்கள்.

கூடாரத்தில் இருந்த சுபேதார் அவர்களைப் பார்த்த பார்வையே வேறு. நீங்கள் அந்தத் தோட்டாவைத் தொட்டவர்கள், கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டவர்கள் என்று எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தி விரட்டினார். சேர்ந்து தண்ணீர் குடித்தவர்கள், சேர்ந்து ஹூக்கா பிடித்தவர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் அவர்கள் கைப்பட்ட தோட்டாவில் தடவியிருந்தது நெய்யும் மெழுகும். அவர்களே தடவியது!

அழுதுகொண்டே பயிற்சியாளர் மார்ட்டினோவிடம் போய்ச் சொன்னார்கள். அவர் விசாரித்தபோது தெரிந்தது, முகாமில் இருந்த எல்லோருக்குமே இதே பயம். தோட்டாவில் தப்பில்லை என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் ஊருக்குத் தெரியாதே என்றார்கள். ஊரில் பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள், வீட்டில் வாசலுக்குள் விட மாட்டார்கள். உண்மை என்ன என்பது இங்கே முக்கியமே இல்லை. ஊர் எதை உண்மை என்று நம்புகிறது என்பதுதான் முக்கியம்.

மார்ட்டினோ இதை மேலே எழுதினார். ஜெனரல் ஆன்சன் மார்ச் 23-ம் தேதி முகாமில் பேசினார். கொழுப்பு தடவிய தோட்டாவை நேரில் பார்த்தபோது, இவ்வளவு அப்பியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஆட்சேபிப்பதில் ஆச்சரியமில்லை என்கிற ரீதியில் அவரே எழுதியும் வைத்தார். ஆனாலும், பயிற்சி தொடரட்டும் என்றுதான் முடிவானது. பின்வாங்கினால் கவுரவம் என்னாவது?

ஆறு நாள் கழித்து, மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. பாரக்பூர் மைதானத்தில் 34-வது பிரிவின் மங்கள் பாண்டே துப்பாக்கியோடு தனியாக இறங்கினார். ஏப்ரல் 8-ம் தேதி தூக்கு. 2005-ல் ஆமிர் கான் நடித்து வந்த படத்தைப் பார்த்தவர்களுக்கு மிச்சம் தெரியும்.

ஏப்ரல் 24, மீரட். 3-வது குதிரைப்படையின் கர்னல் கார்மைக்கேல் ஸ்மித், 90 வீரர்களை வரிசையில் நிறுத்தித் தோட்டாக்களை நீட்டினார். கையால் கிழிக்கும் புது டிரில்லை விளக்கி, அவர்கள் பயத்தைப் போக்க நினைத்தார். அவர் நீட்டியது பழைய மாதிரித் தோட்டா. கொழுப்பே இல்லாதது. வருடக்கணக்கில் அவர்கள் பயன்படுத்தி வந்தது. 5 பேர் வாங்கினார்கள். 85 பேர் வாங்கவில்லை.

ராணுவ நீதிமன்றத்தில் உட்கார்ந்த 15 பேரும் இந்திய அதிகாரிகள். 14 பேர் குற்றவாளிகள் என்றார்கள். பத்து வருடக் கடுங்காவல். 11 இளைஞர்களுக்கு மட்டும் பாதியாகக் குறைத்தார்கள். மே 9-ம் தேதி, மொத்தப் படையும் பார்க்க, அந்த 85 பேரின் சீருடையைக் களைந்து கால்களில் விலங்கு பூட்டினார்கள். ஒவ்வொருவராக, சுத்தியலால் அடித்து அடித்து, மணிக்கணக்கில்.

மறுநாள் ஞாயிறு. மாலையில் மீரட் வெடித்தது. சிறை உடைந்தது. இரவோடு இரவாகக் கிளம்பியவர்கள் மே 11 காலையில் டெல்லியில் இருந்தார்கள். 81 வயது பகதூர் ஷா ஜாஃபரின் அரண்மனை வாசலில் குதிரைகளின் சத்தம் கேட்டது.

*

இனி ஒரு விநோதம். மிருகக் கொழுப்பு தடவிய என்ஃபீல்டு தோட்டா ஒன்றை வங்காளப் படைச் சிப்பாய் ஒருவர் உண்மையிலேயே கடிக்க நேர்ந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள் பலர். தோட்டாக்களைத் தயாரித்தார்கள், கிடங்கில் வைத்திருந்தார்கள். பயிற்சி அந்தக் கட்டத்துக்குப் போவதற்குள் ரகளை ஆரம்பித்துவிட்டது.

அப்படியானால் சிப்பாய்கள் முட்டாள்களா? இல்லை. அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: இதில் என்ன தடவியிருக்கிறது? தயாரித்தவனுக்கே பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு அவர்களை யாரும் மதிக்கவும் இல்லை. கோபம் கொழுப்பின் மேல் அல்ல, அந்த அலட்சியத்தின் மேல்.

கலகக்காரர்களிடம் பெரும்பாலும் இருந்தது பழைய மஸ்கட். எதிரே வந்தவர்களிடம் என்ஃபீல்டு. ஜூலை 12-ல் ஃபதேபூரில் ஹேவ்லாக்கின் படை, எதிரியின் மஸ்கட் எட்டாத தூரத்திலிருந்தே சுட்டது. எந்த ரைஃபிளைத் தொட மறுத்தார்களோ, அதே ரைஃபிளால் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மதராஸ் பட்டாளமும் அதில் ஒரு கை கொடுத்தது. கம்பெனியின் மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படைப்பிரிவோடு வடக்கே போனவர் கர்னல் நீல். அலகாபாத்தில் வழியெங்கும் தூக்கு. கான்பூரில், ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட பீபிகர் வீட்டில் காய்ந்துகிடந்த ரத்தத்தை, தூக்குக்குப் போகும் கைதிகள் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். மறுத்தால் சவுக்கு. சாதி போகும் என்ற பயம் எவ்வளவு பெரியது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ரொம்ப நன்றாகத் தெரிந்திருந்தது. அதையே ஆயுதமாக்கினார்.

செப்டம்பர் 25-ல் லக்னோவில் நீல் குண்டடிபட்டுச் செத்தார். மதராஸ் மவுண்ட் ரோட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1927-ல் அதை அகற்றச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி முதல்வரான பிறகுதான் சிலை அங்கிருந்து கிளம்பி எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1857 வடநாட்டுச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆங்கிலேயர்கள் பிறகு தோட்டாப் பூச்சை என்ன செய்தார்கள் தெரியுமா? மிருகக் கொழுப்பைக் கைவிட்டுத் தேன்மெழுகுக்கு மாறினார்கள். சிப்பாய்களுக்காக அல்ல. கொழுப்பு ஈயத்தை அரிக்கிறது, வெப்ப நாடுகளில் உருகி வீணாகிறது என்பதற்காக! அந்தப் புத்தி நான்கு வருடம் முன்னால் வந்திருந்தால் என்ற கேள்விக்கு வரலாற்றில் பதில் கிடையாது. தோட்டா இல்லாவிட்டால் வேறொன்று வெடித்திருக்கும் என்றும் சொல்லலாம். ஆனால் அந்த 85 பேர், மே 9-ம் தேதி அந்த மைதானத்தில் நின்றிருக்க மாட்டார்கள்.

ரைஃபிள்களின் வேகம் கூடக் கூட, மெழுகும் போதவில்லை. ஈயக் குண்டுக்கு மேல் செம்பு உறை போட்டார் சுவிட்சர்லாந்தின் எட்வர்ட் ரூபின். உறை போட்ட குண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு நேராகப் போய்விடுகிறது, எதிரி விழ மாட்டேன் என்கிறான் என்று எல்லைப்புறப் போர்களில் புகார். ஆகவே, 1890-களின் கடைசியில், இந்தியாவில் இருந்த ஆயுதச் சாலை ஒன்றில் உறையின் நுனியை மட்டும் திறந்துவிட்டு, உடம்புக்குள் மலர்ந்து கிழிக்கும் ஒரு குண்டைச் செய்தார்கள். உலகமே பதறியது. 1899-ல் ஹேக் மாநாடு அந்த மாதிரிக் குண்டுகளுக்குத் தடை விதித்தது. அந்த ஆயுதச் சாலை இருந்த ஊரின் பெயரே குண்டுக்கும் நிலைத்துவிட்டது.

டம்டம்.

பூச்சைப் பற்றிக் கேட்ட சிப்பாய்க்குப் பதில் சொல்லாத அதே ஊர். இன்று கொல்கத்தா விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் அந்த மண்ணில்தான் கால் வைக்கிறார்கள். வெளியே வந்ததும் தாகமெடுத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போது, யாராவது ஒருவருக்காவது அந்தக் கலாசியின் ஞாபகம் வரட்டும்.

அவர் கேட்டது ஒரு சொம்புத் தண்ணீர்தான்.